மாதிரி நோயாளி

"எனக்கு முடிஞ்சுதுண்ணே, நீங்க உள்ள போங்க. டாக்டர் நிறையக் கேள்வி கேப்பாங்க, பொறுமையா பதில் சொல்லுங்க."

பல் டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்த நெட்டையன், வாசலில் காத்திருந்த நம் ஆளின் தோளைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

இருவர் வேலையும் ஒன்றுதான். பல் மருத்துவமனைகளுக்கு சாஃப்ட்வேர் விற்பது. யாருக்கு எத்தனை மணிக்கு நேரம், யாருக்கு எந்தப் பல்லில் கோளாறு, யாருடைய எக்ஸ்ரே எங்கே என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் சாஃப்ட்வேர். கம்பெனிதான் வேறு வேறு. போன மாதம் மட்டும் மூன்று டாக்டர்களை நெட்டையன் தட்டிக்கொண்டு போயிருந்தான். இன்றைக்கும் முந்திக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு வருகிறான்.

"இந்த மாசம் ஒரு ஆர்டராவது வரணும். இல்லேன்னா ஒண்ணாந்தேதி நீங்க வர வேண்டாம்" என்று மேனேஜர் சொல்லியாகிவிட்டது. இன்று தேதி இருபத்தொன்பது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

போதாக்குறைக்குப் பல்வலி வேறு, வலது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. பல் டாக்டர்களிடம் வியாபாரம் செய்கிறவருக்குப் பல்வலி என்றால் ஊர் சிரிக்காதா? அதோடு, பதின்மூன்று வருடமாகப் பல் மருத்துவமனைகளில் ஏறி இறங்குகிறாரே தவிர, அந்தச் சாய்வு நாற்காலியின் பக்கம் அவர் போனதே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் கேட்டாலே வியர்த்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம் என்றால், வலியே கடிக்கிற பல்லில்தான்.

உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தார்.

"இதுதான் மாதிரி நோயாளி, டாக்டர்." திரையில் முப்பத்திரண்டு பற்களும் பளிச்சென்று வரிசையாக நின்றன.

"முப்பத்திரண்டும் நல்லா இருக்கிறவர் என்கிட்ட எதுக்கு வர்றார்?" என்றார் டாக்டரம்மா. "வலியோட வர்ற ஒருத்தரைப் பதிவு பண்ணிக் காட்டுங்க."

நம் ஆளுக்குச் சட்டென்று கற்பனை ஓடவில்லை. கைக்கு எட்டிய உதாரணம் வாய்க்குள்ளேயே இருந்தது. ஆண், வயது நாற்பத்து மூன்று என்று தட்டினார். வலது பக்கம், கீழ் வரிசை, கடைசிக்கு முந்தின பல்லைத் தொட்டார். அது சிவப்பாக மாறியது.

"எத்தனை நாளா வலி?"

"மூணு வாரம், டாக்டர்."

"காய்ச்சல்?"

"சாயங்காலமானா லேசா அடிக்கும்."

"வாயை முழுசாத் திறக்க முடியுதா?"

"ரெண்டு விரல் நுழையற அளவுக்குத்தான்."

டாக்டரம்மா திரையைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டையன் காரியத்தை முடித்துவிட்டான், இது வெறும் மரியாதைக்குத்தான் என்று நம் ஆள் நினைத்துக்கொண்டார்.

"என்ன மருந்து சாப்பிடறார்?"

"வலி மாத்திரை. ஒரு நாளைக்கு நாலு."

"ஏன், இன்னும் எந்த டாக்டர்கிட்டயும் காட்டலையா?"

"அந்த நாற்காலியைப் பார்த்தாலே பயம், டாக்டர். அதோட, டாக்டருங்களோட பழகற மனுஷன் அவங்ககிட்டயே எப்படி வாயைத் திறக்கறதுன்னு ஒரு கூச்சம்..."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டரம்மா எழுந்து நாற்காலியைச் சாய்த்தார்.

"வாங்க, உக்காருங்க. உங்க சாஃப்ட்வேர்ல எக்ஸ்ரே எப்படித் தெரியுதுன்னு பார்ப்போம். வலிச்சா கையைத் தூக்குங்க, அந்த நிமிஷமே நிறுத்திடறேன்."

ஆர்டருக்காகப் போய் உட்கார்ந்தார். ஊசி போட்டது கொசு கடித்த மாதிரிதான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் சீழை எடுத்து, மருந்து வைத்து, மாத்திரைச் சீட்டும் எழுதியாகிவிட்டது. அவர் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை.

"பல்லுக்கு அடியில சீழ் கட்டிப் பரவ ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா தாடை எலும்பையே அரிச்சிருக்கும். நாளன்னைக்கு மறுபடி வரணும். வராம இருந்தா நானே ஃபோன் பண்ணுவேன்."

மூன்று வாரத்தில் முதல் தடவையாக வலி இல்லை. நம் ஆளுக்குக் கண் கலங்கிவிட்டது. மரத்துப்போன உதட்டில் 'நன்றி' என்பது 'நண்டி' என்று வந்தது. பரவாயில்லை, இரண்டு தடவை சொன்னார்.

"ஆர்டர் ஃபாரத்தைக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றார் டாக்டரம்மா. "வர்றவங்க சொல்றதை அவங்க வார்த்தையிலேயே எழுதிவைக்க உங்க சாஃப்ட்வேர்ல நிறைய இடம் இருக்கு. எனக்கு அது போதும்."

வேலை பிழைத்தது! தாடையும் பிழைத்தது. காலில் விழாத குறையாக ஃபாரத்தை நீட்டினார். இன்று வீட்டுக்குத் தலைநிமிர்ந்து போகலாம், மேனேஜருக்கு இங்கிருந்தே ஃபோன் போடலாம். ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா? கோணின வாயோடு கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க, டாக்டர். எனக்கு முன்னாடி வந்தாரே, அவரோட சாஃப்ட்வேர்ல என்ன குறை?"

"தெரியாதே, அவர் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை" என்றார் டாக்டரம்மா, கையெழுத்துப் போட்டபடி. "அரை மணி நேரமும் உங்க வலது கன்னத்தைப் பத்தியேதான் பேசிட்டுப் போனார்."