தெற்கு வீட்டு நிழல்

பக்கத்து வீட்டு நாச்சிமுத்துவின் மனைவி இறந்த அன்று, பந்தலுக்குக் கயிறு கட்ட அவர்கள் மொட்டைமாடிக்கு ஏறினார் திருமலைசாமி. நான்கு வருடமாகப் படுக்கையில் கிடந்த மனைவியைத் தினமும் வெந்நீரில் துடைத்துவிடுவதற்காக நாச்சிமுத்து வாங்கிய சோலார் ஹீட்டர் அங்கே இருந்தது. நல்ல வெயில் நேரம். ஆனாலும் அதன் கண்ணாடிக் குழாய்கள் முழுக்க நிழலில் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தால், போன வருடம் திருமலைசாமி எழுப்பிய இரண்டாவது மாடியின் சுவர். நாச்சிமுத்து ஏன் தினமும் கொல்லையில் விறகடுப்பு மூட்டினார் என்பது அப்போதுதான் புரிந்தது. புகை வருகிறதென்று எத்தனை நாள் ஜன்னலை அறைந்து சாத்தியிருக்கிறார் இவர்!

இறங்கி வந்து நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"ஹீட்டரை உங்க மாடியில வெச்சுக்கட்டுமான்னு கேக்கத்தானுங்க அன்னிக்கு வந்தேன். நீங்க புது மாடியில பால் காய்ச்சிட்டிருந்தீங்க. நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு திரும்பிட்டேன்."

திருமலைசாமிக்கு நினைவிருந்தது. அன்று நாச்சிமுத்துவின் கையில் ஒரு டம்ளர் பாலைக் கொடுத்து, மாடி முழுக்கச் சுற்றிக்காட்டி, "வெயிலைப் பாருங்க, நாள் பூரா அடிக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.