பனிக்காலத்து வேலைகள்

அவள் கூப்பிடவில்லை.

கூப்பிட்டால் திடுக்கிடுவார். கையில் கொதிக்கிற டீ.

தோளில் மாட்டிய பையை இறக்காமல் சமையலறை வாசலிலேயே நின்றாள். காலை பத்தரை மணி. குன்னூரில் மூடுபனி இன்னும் முழுதாக விலகவில்லை. அப்பா குரங்கு குல்லா போட்டிருந்தார். குளிருக்குத்தான் என்று முதலில் நினைத்தாள்.

குல்லா மூக்கு வரை இறங்கியிருந்தது. கண்கள் இரண்டும் உள்ளே.

இடது கையில் டம்ளர். ஆள்காட்டி விரலை அதன் விளிம்புக்குள் ஒரு கணு அளவு விட்டிருந்தார். வலது கையில் இடுக்கி, அதன் பிடியில் பாத்திரம். டீ ஏறி வந்து விரல் நுனியைச் சுட்டதும் நிறுத்தினார். விரலை வாயில் வைத்துச் சப்பினார்.

ஒரு சொட்டு சிந்தவில்லை.

திருப்பூரிலிருந்து விடியற்கால பஸ் ஏறி அவள் வந்தது சண்டை போடத்தான். வருவதாகச் சொல்லக்கூட இல்லை. தை பிறந்ததும் அப்பா காஷ்மீர் போகிறாராம், பனி பார்க்க. அங்கிருந்து ராஜஸ்தான், மணல் பார்க்க. மாசியில் அந்தமான். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் மெஷினோடு கிடந்தவர். இருந்தவரை அம்மாவைக் கோயமுத்தூர் தாண்டி எங்கும் கூட்டிப் போகாதவர். இப்போது அறுபத்தேழு வயதில், ஒற்றை ஆளாக.

டிக்கெட்டை ரத்து செய்யவைக்காமல் திரும்ப மாட்டேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மற்றபடி இந்தப் பனிக்காலம் முழுக்க அவரைப் பற்றி அவளுக்குக் கவலையே இருக்கவில்லை. ஞாயிறுதோறும் போனில் உற்சாகமாகப் பேசினார். வீட்டில் சின்னச் சின்ன வேலை நடக்குது என்பார். படிக்கு விளிம்பு கட்டறேன், சுவத்துக்குக் கைப்பிடி போடறேன். புதிதாகப் பறவைப் பைத்தியம் வேறு. போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "கேட்டியா, கொண்டைக்குருவி" என்பார்.

பார்க்க எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டாள். சத்தத்தை மட்டும் கேளு என்றார்.

அப்பாவுக்கு நல்லாப் பொழுது போகுது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

இப்போது வீட்டைப் பார்த்தாள்.

கைப்பிடி என்று அவர் சொன்னது கயிறு. இடுப்பு உயரத்தில், முழத்துக்கு ஒரு ஆணி அடித்து, படுக்கையறையிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து அடுப்படிக்கு. அடுப்புத் திருகில் எம்சீல் பசை வைத்து ஒரு புடைப்பு. சர்க்கரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட். உப்புக்கு இரண்டு. மிளகாய்ப்பொடிக்கு மூன்று.

புரியப் புரிய கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கும் ஊத்தட்டுமா அம்மணி?"

குல்லாவுக்குள்ளிருந்துதான் கேட்டார். திரும்பக்கூட இல்லை.

அவள் பையைத் தரையில் இறக்கினாள்.

குல்லாவை மேலே ஏற்றினார். ஒளித்துவைத்த பீடியோடு மாட்டிக்கொண்டவர் மாதிரி கூச்சத்தோடு சிரித்தார்.

"கேட்டத் தொறக்கறப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ வலது கால அழுத்தி வெக்கற ஆளு."

"என்னங்கப்பா இது?"

டம்ளரை அவள் கையில் கொடுத்தார். பிறகுதான் சொன்னார். கண்ணில் அழுத்தமாம். கோயமுத்தூரில் இரண்டு டாக்டரிடம் காட்டியாயிற்று. சொட்டு மருந்து விடுகிறார். ஆனால் போனது போனதுதானாம். ஓரமெல்லாம் போய்விட்டது. நடுவில் மட்டும் இருக்கிறது, குழாய்க்குள் பார்க்கிற மாதிரி.

"அதுவும்...?"

"அதுவுந்தான். எப்பன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. அதான் முன்னயே பழகிக்கறேன். தெனம் ஒரு மணி நேரம்."

கேஸ் சிலிண்டர் தீரப்போவதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

பனி. மணல். கடல்.

பஸ்ஸில் வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சில் ஒரு வார்த்தைகூட அவளிடம் மிச்சமில்லை. டீ புறங்கையில் சிந்தியது. சுட்டதே தெரியவில்லை.

"அழுவாத அம்மணி."

அவர் குரல் அப்போதுதான் உடைந்தது.

"அழுத மூஞ்சியவா நான் பாத்து வெச்சுக்கறது?"

துப்பட்டாவால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அவர் ஜன்னலோரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பனி விலகி அங்கே ஒரு துண்டு வெயில் விழுந்திருந்தது. அவளை அதில் உட்காரவைத்து, எதிரில் தானும் உட்கார்ந்தார்.

பார்த்தார்.

துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிந்தது. நெற்றி. அப்புறம் ஒரு புருவம். மறு புருவம். அவர் தலை மெல்ல மெல்ல நகர்ந்தது. இவ்வளவு பக்கத்தில் அப்பா முகத்தை அவளும் பார்த்ததில்லை. கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அசையாமல் இருந்தாள்.

மூக்கு. கன்னம்.

தாடையோரம் வந்ததும் நின்றார். இன்னும் நெருங்கினார். விரலை நீட்டி, தொடாமல் நிறுத்தினார்.

"இந்த மச்சம் எப்ப வந்துச்சு?"

பிறந்தபோதே இருந்தது. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று எழுதியிருப்பது அதைத்தான். கீழே அப்பாவின் கையெழுத்து இருக்கிறது.

அவள் தாடையை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள்.

"போன வருசந்தானுங்கப்பா."