திறக்க வேண்டாம்

கிண்ணத்தின் மூடியை நூலிழை அளவு விலக்கி வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

மின்விசிறி இல்லை. ஏசி இல்லை. கதவின் அடி இடுக்கை டேப் ஒட்டி அடைத்திருந்தாள். சித்திரை வெயில் ஆய்வுக்கூடத்துச் சுவர்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கிண்ணத்துத் திரவத்தின் மேல் பழுப்பாகப் பரவிக் கிடந்தது கடைசிச் சொட்டு. அதற்குள் கோடிக்கணக்கில் நானோ படிகங்கள். கரைப்பான் மெல்ல ஆவியாகிப் போனால், அவை தாமாகவே ஒன்றன் பக்கத்தில் ஒன்று வந்து வரிசையாக நின்று ஒரு மெல்லிய படலமாகும். யாரும் அடுக்க வேண்டியதில்லை.

காற்று அசையக் கூடாது. அவ்வளவுதான்.

முந்தைய இரண்டு முறையும் பெருக்க வந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். படலம் விரிசல் விட்டது. இரண்டு மாத உழைப்பில் மிஞ்சியது இந்த ஒரு சொட்டு. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவிடம் காட்ட அவளிடம் வேறு எதுவும் இல்லை.

இன்னும் நாற்பது நிமிடங்கள்.

கதவுக்கு வெளியே அவள் எழுதி ஒட்டிய தாள் இருந்தது. ‘படலம் உருவாகிறது. திறக்க வேண்டாம்.’

ஒட்டி ஐந்து மாதங்கள் ஆகின்றன. சோதனை இல்லாத நாட்களிலும் அவள் அதை எடுப்பதில்லை.

எடுத்துவிட்டால், யாரும் வராததற்கு ஒரு காரணம் இல்லாமல் போய்விடும்.

கதவு தட்டப்பட்டது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உள்ள இருக்கியளா? பக்கத்து லேப் ஜெனிலா. சாப்பிடப் போறோம், வாரியளா?”

“நோட்டீஸப் பாருடி. அவங்க வர மாட்டாங்க,” என்றது இன்னொரு குரல்.

“அது பொங்கலுக்கு முந்தி இருந்தே உருவாகிட்டுல்லா கெடக்கு!”

வெளியே சிரித்தார்கள்.

அவளுக்கு முகம் சுட்டது. அப்படியானால் அந்தத் தாள் பொய் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் இன்றைக்கு அது உண்மை.

இந்த அழைப்புக்கான பதிலை அவள் பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ‘இதோ வந்துட்டேன்.’ அதைத் தவிர வேறு பதிலை அவள் யோசித்ததே இல்லை.

எழுந்தாள். அடிமேல் அடி வைத்துக் கதவுவரை போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

திரும்பிப் பார்த்தாள்.

கிண்ணத்தின் ஓரத்தில், பழுப்பின் மீது மெல்லிய பச்சை மினுமினுக்கத் தொடங்கியிருந்தது. முதல் வரிசைகள்.

கையை எடுத்தாள்.

உதடு கதவில் படும்படி நின்று சொன்னாள்.

“இன்னிக்கு நெஜமாவே நடக்குது. இன்னும் அரை மணி நேரம் ஆகும்… இருப்பீங்களா?”

யாரிடமும் அவள் அப்படிக் கேட்டதில்லை.

வெளியே ஏதோ முணுமுணுப்பு. பிறகு செருப்புச் சத்தங்கள். படிகளில் இறங்கின. சிரிப்பும் கூடவே இறங்கிப் போனது.

வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது. அதனால், போனவர்கள் எல்லோருமா என்பதும் தெரியவில்லை.

கதவில் காதை வைத்தாள்.

ஜெனிலாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கலாம். கூப்பிடவில்லை.

திறந்து பார்க்க இன்னும் இருபத்தெட்டு நிமிடங்கள் இருந்தன.