அண்ணி வீட்டுக் கம்ப்யூட்டர்

கதவோரம் கிடந்த ஆம்பளை ஷூவைப் பார்த்ததும் ஸ்வேத்லினுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. இறந்துபோன அண்ணன் ஓக்னியானின் படம் போட்ட நினைவுத் தாள் இன்னும் கதவில் ஒட்டியபடியே இருக்கிறது. அதற்கு நேர் கீழே எவனுடையதோ கறுப்பு ஷூ. வருஷம் திரும்பவில்லை, அதற்குள் அண்ணி ஆள் பிடித்துவிட்டாள்.

உள்ளே அந்த ஆள் அண்ணனின் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, அண்ணனின் நாற்காலியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தான். பெயர் கிஸ்யோவ் என்றாள் அண்ணி தெமெனுகா. அதற்குமேல் அவள் சொல்லவுமில்லை, இவன் கேட்கவுமில்லை. வழுக்கைத் தலை, தொளதொளத்த ஸ்வெட்டர். இவளுக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டான்.

முந்தின நாள் அவள்தான் போன் செய்திருந்தாள். கோர்ட்டுக்கு நடந்து நடந்து அலுத்துவிட்டது என்றாள். மகள் படிப்புக்கு ஏதோ ஒரு மென்பொருள் வேண்டுமாம், அண்ணனின் கம்ப்யூட்டரில் அது ஓட மாட்டேன் என்கிறதாம், வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். அலுப்பு என்ற சொல் காதில் விழுந்த உடனேயே, ஜெயித்தாயிற்று என்று ஸ்வேத்லின் முடிவு கட்டிவிட்டான்.

கசன்லக் வட்டாரத்தில் பாதி ரோஜா எண்ணெய் ஆலைகளின் கொதிகலன்களை இன்று மேய்ப்பது ஒரு கம்ப்யூட்டர் நிரல். அது தன் மூளையில் உதித்தது என்று சொல்லித்தான் ஸ்வேத்லின் ஊர் ஊராக விற்றுவந்தான். என் புருஷன் எழுதியது என்று தெமெனுகா வழக்குப் போட்டாள். ஆனால் காட்டுவதற்கு அவள் கையில் ஒன்றுமில்லை. ஓக்னியானின் கம்ப்யூட்டர் துடைத்துவிட்ட தட்டு மாதிரி காலியாகக் கிடந்தது.

அண்ணன் அதில் சீட்டுதான் ஆடிக்கொண்டிருந்தார், நான் அதைத் தொட்டதுகூடக் கிடையாது என்று நீதிபதி முன்னால் சத்தியமே செய்திருந்தான் ஸ்வேத்லின்.

"என்னதான் சொல்லுது இது?" என்று கேட்டபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஹார்டுவேர் விர்ச்சு... விர்ச்சுவலேஷனோ என்னமோ. அது அணைஞ்சு கிடக்காம்."

"விர்ச்சுவலைசேஷன், அண்ணி. வாயில நுழையாததெல்லாம் வீட்டுக்குள்ள எதுக்கு?"

அவள் சீஸ் வைத்துச் சுட்ட பனிட்சாத் துண்டு ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதைத் தின்றுகொண்டே பாடம் எடுத்தான். ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட விடுவதற்கான வசதி அது. அதை உள்ளே போய் முடுக்கிவிட வேண்டும், மாவு பிசைகிற கைக்கு வருகிற வேலை இல்லை என்றான்.

"விண்டோஸ் வந்தப்புறம் அதை ஆன் பண்ணிக்க முடியாதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டான் கிஸ்யோவ்.

ஸ்வேத்லின் அவனைத் தலையிலிருந்து செருப்பு வரை ஒரு முறை பார்த்தான்.

"சார் என்ன வேலை பாக்கறீங்க?"

"வேலைன்னு என்ன... கூப்பிட்ட எடத்துக்குப் போவேன்."

"அப்ப கூப்பிட்ட எடத்துல கம்முனு உக்காருங்க."

கிஸ்யோவ் தலையைக் குனிந்து காப்பியை உறிஞ்சினான். இந்த மாதிரி ஒரு மண்ணாந்தையோடு பேசியதே தனக்குக் குறைச்சல் என்று ஸ்வேத்லினுக்குத் தோன்றியது.

கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டான். அது கண் விழிப்பதற்குள் ஒரு விசையை விடாமல் தட்டினான். கறுப்புத் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து நின்றது. அண்ணி பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசிக்கொண்டே, கீபோர்டைக்கூடப் பார்க்காமல் விரலை ஓட்டி ஏழெட்டு எழுத்தைத் தட்டி அதை அனுப்பிவைத்தான்.

அண்ணனை நினைத்தால் பாவமாக இருக்கிறது என்றான். இந்த வீட்டில் இதைப் பற்றிப் பேசுவதற்கு அவருக்கு யார் இருந்தார்கள்? ஒருபக்கம் அடுப்பு, இன்னொரு பக்கம் சுவர். சீட்டாடாமல் மனுஷன் வேறென்ன செய்வார்?

பேச்சோடு பேச்சாக அமைப்புகளின் பட்டியலில் இறங்கி, வேண்டிய வரியைப் பிடித்தான். அணைந்திருந்ததை இயக்கத்துக்கு மாற்றினான், சேமித்தான். திரை ஒரு கணம் இருண்டு, பிறகு பளிச்சென்று விடிந்தது.

"இவ்வளவுதான் அண்ணி. இதுக்குப் போய்ப் பட்டணத்துலேர்ந்து ஒருத்தன் வரவேண்டியிருக்கு." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "வழக்கை எப்ப வாபஸ் வாங்கறீங்கன்னு சொல்லிட்டா, நானும் என் வேலையைப் பார்ப்பேன்."

தெமெனுகா அவனைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமோ அழுகையோ எதுவும் இல்லாத முகம். உள்ளே வந்ததிலிருந்து முதல் தடவையாக ஸ்வேத்லினுக்கு அந்த முகம் பிடிக்காமல் போனது.

"அவர் உயிரோட இருந்த வரைக்கும் இதுக்குப் பூட்டே போட்டதில்ல, ஸ்வேத்லின்," என்றாள். "அடக்கம் முடிஞ்சு வந்து பாத்தா, உள்ள எல்லாத்தையும் அழிச்சு, இந்த வசதியையும் அணைச்சு, மேல ஒரு பூட்டும் போட்டு வெச்சிருந்தாங்க. போட்டது யாருன்னுதான் தெரியல. கோர்ட்டு இவரை நிபுணரா அனுப்பியிருக்கு."

கிஸ்யோவ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஸ்வெட்டர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"