எதிர்மாடி விரிப்புகள்

“இன்னைக்கும் கட்டிட்டா பாரு,” என்றார் ஜவாத்.

எதிர்மாடியில் துரய்யாக்கா மூன்றாவது விரிப்பையும் கொடியில் போட்டு, காற்றில் பறக்காதபடி கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார். பள்ளிவாசல் கோபுரம் பாதிக்கு மேல் மறைந்துபோனது.

கேமராவோடு நின்ற நவ்ஃபல் தலையைச் சொறிந்தான். தலைநகர் ரபாத்திலிருந்து வந்திருக்கும் பையன். ஒரு பயணப் பத்திரிகையின் அட்டைக்கு, ஜவாத்தின் மொட்டைமாடி டீக்கடையில் நின்று எங்கள் ஃபெஸ் ஊரைப் படம் எடுக்க வேண்டும். அட்டையில் வந்துவிட்டால் கடையின் காலி நாற்காலிகள் நிறைந்துவிடும். வந்த நாளிலிருந்து அவனுக்குக் கோபுரத்துக்குப் பதில் விரிப்புதான் கிடைக்கிறது.

இடுப்பில் மகளும் கையில் ரொட்டித் தட்டுமாக நான் அப்போதுதான் படியேறி வந்தேன். கடைக்குச் சாயங்கால ரொட்டி என் வீட்டு அடுப்பிலிருந்துதான் போகிறது.

“கன்ஸாக்கா எங்கண்ணே? ரொட்டிய யார்கிட்ட குடுக்க?” ஜவாத்தின் மனைவியைத் தேடினேன்.

“உங்க அக்கா கீழ தூங்குவா. இந்த நேரமானா அவ கண்ணுலயே படமாட்டா. அங்க வை,” என்றவர், எதிர்ப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“துரய்யா, அந்தத் துணிய ஒரு அரைமணி நேரம் எடுத்தா உனக்கு என்ன கொறஞ்சு போயிடும்?”

“ஈரமா இருக்கு, ஜவாத்.”

“ஒரு சொட்டு தண்ணி வடியல. தினமும் அதே மூணு விரிப்பு. உன் வீட்டுல படுக்கறது ஒத்த ஆளு.”

“நான் உருண்டு படுக்கறவ.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜவாத் முறைத்தார்.

“பொறாமை, தம்பி. என் கடையில நாலு பேர் உக்காந்தா இவளுக்கு ஆகாது. சட்டமெல்லாம் பேசுவியே, சொல்லேன் அவகிட்ட.”

“சட்டம் பாதிதாண்ணே நம்ம பக்கம். உங்க மாடியில நின்னு, கண்ணுக்குத் தெரியற கட்டடத்த நான் எடுக்கலாம். அவங்க கொடியில துணி போடாதீங்கன்னு சொல்ல முடியாது. அது அவங்க இடம்.”

“நல்லா சொன்னே, தம்பி,” என்றார் துரய்யாக்கா அங்கிருந்தே. “உனக்கு எடுக்க உரிமை, எனக்குக் காயப்போட உரிமை. விரிப்பையே எடுத்துக்கோ. நல்ல பூப்போட்டதுதான்.”

எனக்கும் அவர்மேல் எரிச்சல்தான். கடை நிறைந்தால் ரொட்டியும் கூடப் போகுமே.

நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது இங்கே கடை இல்லை. இது கன்ஸாக்காவின் மாடி. வெயில் தாழ்ந்தால் தெருவின் மாடிகளெல்லாம் பெண்களுடையவை. கைப்பிடிச்சுவர் வழியாகவே கிண்ணங்கள் வீடு மாறும். தலையில் மருதாணியை அப்பிக்கொண்டு கதை பேசுவோம். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஓர் ஆண் ஏற வேண்டுமென்றால், கீழ்ப்படியிலேயே நின்று “ஆள் வர்றேன்” என்று சத்தம் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார். ஜவாத்தின் அப்பா கொடுக்கும் சத்தத்தில் புறாக்கள் பறந்துபோகும். அதற்குக் கன்ஸாக்கா சிரிக்கிற சிரிப்பு ஐந்து மாடி தாண்டிக் கேட்கும்.

இப்போது சுற்றிலும் மாடிக் கடைகள், ஆளுக்கொரு கேமரா. நாங்கள் கீழே இறங்கிவிட்டோம். அந்தச் சிரிப்பைக் கேட்டும் வெகுநாளாகிறது.

“சரி, விரிப்போடயே ஒண்ணு எடுத்துப் பாக்கறேன்,” என்றான் நவ்ஃபல். எடுத்தான். பெரிதாக்கிப் பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான்.

“இது ஆகாதுண்ணே. விரிப்புக்குப் பின்னால யாரோ உக்காந்திருக்காங்க.”

“அவதான் இருப்பா.”

“அவங்கதான் முன்னால நிக்கறாங்களே. இது வேற ஒருத்தர் கால். தங்க வீட்டுல இருக்கறவங்கள அவங்க சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாது.”

ஜவாத் கேமராவை வாங்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

விரிப்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில், வெயிலில் நீட்டிய இரண்டு கால்கள். ஒரு மருதாணிக் கிண்ணம். பக்கத்தில் கழற்றிவிட்ட பச்சை வெல்வெட் செருப்பு.

போன பெருநாளுக்கு ஜவாத் வாங்கி வந்த செருப்பு. கன்ஸாக்காவுக்கு என்று தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுபோனார்.

துரய்யாக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டார். கையில் மிச்சமிருந்த கிளிப்பை மெல்லக் கொடியில் மாட்டினார்.

“வெயிலு எங்கயாவது கெடைக்கணும்ல, ஜவாத்.”

ஜவாத் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

“இத அழிச்சிடு, தம்பி.”

“அட்டைப்படம்?”

“இந்தப் பக்கம் மலை இருக்கு. அத எடு.”

“மலை எல்லா ஊர்லயும் இருக்குண்ணே. கோபுரம் இல்லாம அட்டையில போடமாட்டாங்க.”

“போடலன்னா போகட்டும்.”

மறுநாள் ரொட்டித் தட்டோடு நான் போனபோது, எனக்கு முன்னால் டீ கிளாஸ்களோடு ஏறிக்கொண்டிருந்த ஜவாத் பாதிப் படியில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

“ஆள் வர்றேன்.”

அவர் அப்பாவின் சத்தத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஒரு புறாவும் பறக்கவில்லை. ஆனால் எதிர்மாடியிலிருந்து அந்தச் சிரிப்பு, பழையபடியே, ஐந்து மாடிக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

மேலே போய்ப் பார்த்தேன். மூன்று விரிப்புகளும் அப்படியே தொங்கின. அவற்றுக்குக் கீழே, கால் தெரிந்த அந்த ஒரு சாண் இடைவெளியை மறைத்து, கட்டம்போட்ட இரண்டு துணிகள் புதிதாகக் கட்டப்பட்டிருந்தன.

டீக்கடையின் மேஜை விரிப்புகள்.