வெற்றுப் பிரதி

பதிப்பகத்தின் மேசையில், விரைவில் வெளிவரவிருக்கும் தத்துவ, சமய நூல்களின் அட்டைகள் வெயிலில் பளபளக்கின்றன. மரணத்தைப் பற்றிக் கணவர் எழுதிய நூலின் அட்டையைப் பேராசிரியரின் மனைவி விடாமல் தடவுகிறாள். "அச்சாக இன்னும் மாசக்கணக்காகும்மா," என்கிறார் பதிப்பாசிரியர். "டாக்டர் நாள்கணக்குதான் சார் சொல்றார். சாவைப் பத்தி இவ்வளவு எழுதினவருக்கு அதுகிட்ட தவணை கேக்கத் தெரியலையே!" பதிப்பாசிரியர், தடிமன் பார்ப்பதற்காக வெற்றுத்தாள்களை வைத்துத் தைத்த மாதிரிப் புத்தகத்துக்கு அந்த அட்டையைப் போட்டு நீட்டுகிறார். "உள்ள ஒரு எழுத்துகூட இல்லைம்மா." "அவருக்குத்தான் கண்ணு தெரியாதே. கையில கனம் தெரிஞ்சாப் போதும்." "படிச்சுக் காட்டச் சொன்னா?" "அவர் சொல்லச் சொல்ல எழுதினதே நான்தானே சார். அப்படியே ஒப்பிப்பேன்." கைப்பைக்குள் போன் அலறுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து மகன்தான். அவள் எடுக்கவில்லை, புத்தகத்தை மார்போடு அணைத்தபடி படிகளில் இறங்கி ஓடுகிறாள்.