பதினோரு நொடி

“பாட்டுப் போட்டுப் பாருங்கம்மா, பேஸ் சும்மா அதிரும்,” என்று இயர்போனை நீட்டினாள் கடைப்பெண். தெய்வானை பாட்டுப் போடவில்லை. தன் கைபேசியில் பதிவாகியிருந்த பதினோரு நொடி அழைப்பையே மறுபடியும் ஓடவிட்டாள். இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்டு போனதால், வீட்டில் பெயரைக்கூடச் சொல்லக் கூடாதென்று ஆகிவிட்ட மகளின் அழைப்பு அது. மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அதற்கும் அப்பால், காற்றுக்குள் ஓர் ஆண்குரல் எதையோ கூவிக்கொண்டிருந்தது. அழைத்த எண் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

முந்நூறு ரூபாய் இயர்போனில் வெறும் இரைச்சல். ஐயாயிரத்தில் காற்று மேளம்போல் இடித்தது. மூன்றாவது, ஆயிரத்து எண்ணூறு. சின்ன ரப்பராக மாற்றச் சொல்லிக் காதுக்குள் திருகினாள். வெறும் வாயை மென்றாள், குனிந்து நிமிர்ந்தாள். விழவில்லை, உறுத்தவுமில்லை.

கடைப்பெண் ஒரு பக்கத்து இயர்போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். “ஒண்ணுமே இல்லியேம்மா, காத்துதான்.”

“காத்துக்குப் பின்னால கேளு கண்ணு.”

பத்துத் தடவைக்கு மேல் ஓடியிருக்கும். சட்டென்று தெய்வானையின் விரல் காதை அழுத்தியபடி நின்றது. கண்ணை மூடி, அந்த ஆண்குரல் கூவிய ஊர்ப்பெயரை உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு தடவை கேட்டாள்.

“இதையே குடு. டப்பா வேண்டாம், போட்டுக்கிட்டே போறேன்.”

“சரியில்லைன்னா ஏழு நாளைக்குள்ள கொண்டாங்கம்மா, மாத்திக்கலாம்.”

“ஏழு நாள்ல நான் திரும்புவனோ என்னமோ,” என்றாள் தெய்வானை. “இங்கிருந்து தாராபுரத்துக்கு நேர் பஸ் இருக்குதா?”